ஓய்வு வாரம்

...எட்டு வருடங்களில் ஒரு வேளை கூட, என்று தொடங்கியது ஐந்தாவது வரி, ஒரு வேளை கூட என் கணவர் மாத்திரையைத் தவறவிட்டதில்லை, மற்ற வரிகளெல்லாம் கண்ணை ஓட்டியதும் வழுக்கிக்கொண்டு போயின, இது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது, தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன், எதிரே நின்ற விளம்பரப் பிரிவு அதிகாரி, ஒரு நிமிஷம்தான் மேடம், பார்த்துப் படிச்சாப் போதும், நடுவுல தொண்டை அடைச்சாலும் பரவாயில்லை, அடைச்சா இன்னும் நல்லாவே இருக்கும், என்றார், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், உள்ளே ஒலிப்பதிவு செய்கிறவர் ஃபேனை ஓடவிட்டால் இரைச்சல், நிறுத்தினால் புழுக்கம் என்று தகராறு பண்ணிக்கொண்டிருக்கிறார், ஒரு பத்து நிமிஷம் வெளியே உட்காருங்க, என்று சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்தேன். மருத்துவமனையின் கீழ்த்தளம், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உள்ள கூடம், நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு நான்காக ஒரே இரும்புத் தண்டில் கோத்தவை, ஒருவர் எழுந்தால் மற்ற மூன்று பேரும் ஆட வேண்டும், எதிர்ச் சுவரில் ஆளுயரப் படத்தில் என் கணவர், இரண்டு விரல் நுனியில் ஒரு மாத்திரையைப் பதக்கம் மாதிரி தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார், தினமும் ஒன்று, தினமும் அதே நேரம், என்று கீழே பெரிய எழுத்தில், அதற்கும் கீழே, எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன், நன்றாக வாழ்கிறேன், கையெழுத்து. அவர் போய் அன்றைக்கு ஒரு வருடம். வாழ்கிறேன் என்பதை மாற்ற வேண்டாமா என்று ஒருமுறை கேட்டேன், படம் நல்லா இருக்கே மேடம் என்றார் இதே அதிகாரி. மறுநாளிலிருந்து அந்தப் படத்துக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரில் அரை மணிக்கு ஒருமுறை என் குரல் வரப்போகிறது, இங்கே மட்டுமில்லை, இந்த மாதிரி எத்தனை கூடங்கள் உண்டோ அத்தனையிலும், எத்தனை என்றும் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை, ஐந்தாவது வரி பொய், அது பொய் என்று தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான், நான் வாயைத் திறக்காவிட்டால் அது எவருக்கும் தெரியப்போவதில்லை, என்றுதான் அந்தப் பத்து நிமிஷம் தொடங்கும்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நேரம் பார்க்கிறவள். சம்பளத்துக்கு நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுகிற வேலை, ஆனால் நீ யார் என்று மனசைக் கேட்டால் அது முதலில் சொல்வது இதைத்தான், ஓட்டப்பந்தயங்களில் முடிவுக் கோட்டுக்கு நேராக ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டிருப்பார்கள், அதில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி, மெஷின்கள் வந்த பிறகும் சின்னப் போட்டிகளுக்கு எங்களைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே சொல்லித்தருவார்கள், துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமுக்காதே, சத்தம் நடந்து வரும், புகையைப் பார்த்து அமுக்கு. அடுத்தது, ஓர் ஆளுக்கு மூன்று பேர் நேரம் பார்ப்பார்கள், மூன்றில் நடுவில் உள்ளதே நேரம், ஒரு கடிகாரம் வேலை செய்யாமல் இரண்டுதான் மிஞ்சுகிறது என்றால் இரண்டில் அதிகமானதை எழுத வேண்டும், முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் அடுத்த கோட்டை எழுத வேண்டும், சந்தேகம் வந்தால் எப்போதும் ஓடினவருக்குப் பாதகமான பக்கம், இரக்கம் காட்டுகிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. அப்படித்தான் அவரைப் பார்த்தேன், இருபத்து மூன்று வயது, எண்ணூறு மீட்டர், மைதானத்தை இரண்டு சுற்று, பின்னால் ஊரே அவரை ரெண்டு சுத்து என்றுதான் கூப்பிட்டது, அன்றைக்குப் பழைய சாதனை உடைந்துவிட்டது என்று கூட்டம் கத்தியது, என் முள் கோட்டை மயிரிழை தாண்டி நின்றது, நான் அடுத்த கோட்டை எழுதினேன், செகண்டில் பத்தில் ஒரு பங்கு கூடியது, மூன்றில் என்னுடையதுதான் நடுவில், சாதனை சமமானது, உடையவில்லை. மூச்சிரைக்கப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். ஏங்க, அந்தப் பாயிண்ட் ஒண்ணை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க, கைப்பையிலயா? ரூல் அப்படிங்க, என்றேன். ரூலுக்கு என்ன வயசாகுது, கல்யாணம் ஆயிடுச்சா அதுக்கு? மேல் படியில் இருந்த பெரியவர் சிரித்ததில் அவருடைய கடிகாரம் கீழே விழுந்தது. பதினாறு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், குழம்பில் உப்புக் கூடினால், அந்தப் பாயிண்ட் ஒண்ணைக் குடுத்துடு, உப்பை மன்னிச்சுடறேன், ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் ஒரு தடவை இரண்டு விரலைச் சேர்த்து மெல்லிசாக ஓர் இடைவெளி காட்டினார், நர்ஸ் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தாள், குடித்துவிட்டார்.

முப்பத்தொன்றாவது வயதில் தெரிந்தது, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் முன்னால் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவராகத்தான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார், கேம்ப்ல சத்து ஊசி போடுவாங்க, பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஊசி, அதுவா இருக்கலாம், உன்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியும் எனக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அதுவாவும் இருக்கலாம், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் கையை நீவினார், நீவினார், மடிப்பே இல்லாத கையை... எனக்கு மூன்று தடவை பார்த்தார்கள், மூன்றிலும் இல்லை. அது தெரிந்த அன்றைக்குத்தான் அவர் அழுதார், தனக்கு வந்தது தெரிந்த அன்றைக்கு அழவில்லை. மூன்றாம் நாள் மைக்குகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து தானே சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாக அவர் காலைப் பிடித்துவிட்ட மசாஜ்காரர் அடுத்த வாரம் கையுறை போட்டுக்கொண்டு வந்தார், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி, ஒண்ணு போதும்ணே, உனக்குத்தான் வேர்க்கும், என்றார் இவர், மசாஜ்காரர் கழற்றவும் இல்லை, மறுபடி வரவும் இல்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் மேடை மேடையாக, பள்ளிக்கூடம், மில், சிறைச்சாலை, பஸ் டிப்போ, காய்ச்சல்காரனைப் பார்த்து உனக்கு யார் குடுத்தான்னு கேக்கறீங்களா, மாத்திரை போட்டியான்னுதானே கேக்கறீங்க, என்னையும் அப்படியே கேளுங்க, என்பார், மாத்திரையை விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிடும், தென்படாத அளவில் இருந்தால் கட்டினவளுக்கும் பரவாது, நம்பலேன்னா சாட்சி முன்வரிசையில உட்கார்ந்திருக்கு பாருங்க, எப்படி முறைக்குதுன்னு, என்று என்னைக் காட்டுவார், கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், நான் நிஜமாகவே முறைப்பேன், அது சாட்சியத்துக்குப் பலம் என்று வீட்டுக்கு வந்து சொல்வார்.

அந்த மேடைகளின் கடைசி இரண்டு வருஷத்தைத்தான் பின்னால் நான் ஒரு பையில் கண்டுபிடித்தேன். அவர் போய் இரண்டு மாதம் கழித்து, பந்தயத்தில் போடுகிற பழைய முள் செருப்புகள் வைக்கிற பையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று திறந்தால், செருப்புக்கு அடியில் மாத்திரை டப்பாக்கள், இருபத்து மூன்று, ஒவ்வொன்றிலும் ஏழு மாத்திரை, ஏழுக்கு மேலும் இல்லை கீழும் இல்லை, பக்கத்தில் பயிற்சி நோட்டு. ஓடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, மூன்று வாரம் உடம்பைக் கசக்க வேண்டும், நாலாவது வாரம் விட்டுவிட வேண்டும், ஓடும்போது இல்லை, விடும்போதுதான் தசை வளரும், கோச்சுகள் எல்லோரும் சொல்வது, அவருக்கு அது ரத்தத்தில் ஊறியது, நோட்டில் மூன்று வாரம் சிவப்பு மை, ஒரு வாரம் நீலம், நீலத்துக்கு மேலே ஓ என்று ஓர் எழுத்து, ஓய்வு. நாற்பதை நெருங்குகிறவர்களுக்கான போட்டிக்குப் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தாரே, அதற்கான கணக்கு என்றுதான் நினைத்தேன், நீல வாரங்களில் தசை இளகுது, புரண்டுக்கிட்டே இருப்பேன், உனக்குத் தூக்கம் கெடும், என்று மெத்தையை முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதுவும் அதற்காக என்றுதான்... ஆனால் நீலத்தில் அவர் எழுதியிருந்தது, தலை தெளிவு, கனவு இல்லை, கால் திரும்பி வந்தது. கால் திரும்பி வந்தது என்று இருபத்து மூன்று தடவை எழுதியிருந்தார். மாத்திரை போட்டால் காலையில் ஈர மணலில் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார், சரியாகிவிட்டது என்று நானே எழுதிக்கொண்டேன். இந்தக் கூடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் மீதி மாத்திரையைக் கொண்டுவர வேண்டும், ஜன்னலில் இருக்கிற மருந்தாளர் தட்டில் கொட்டி ஒரு பிளாஸ்டிக் பட்டையால் தள்ளித் தள்ளி எண்ணுவார், கூடுதலாக இருந்தால் திட்டு விழும், அவர் மட்டும் டப்பாவை எடுத்தால், சார், உங்களோடதைப் போய் நாங்க எண்றதா, என்று ஜன்னலே எழுந்து நிற்கும். சுவரில் இருக்கிறவருடைய மாத்திரையை யார் எண்ணுவார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள், முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை, உடம்பு தன் சொல்லைக் கேட்கிறது என்று நினைத்திருப்பார், பிறகு கூட்டம், மாநாடு, ஊரில் இல்லை என்று ரத்தம் கொடுக்கவே போகவில்லை, போனபோது இருமிக்கொண்டு போனார், அதற்குள் கிருமி மருந்தைப் படித்து முடித்திருந்தது. சிலருக்கு மருந்து கேக்காமப் போயிடும்மா, யாரோட தப்பும் இல்லை, என்றார் டாக்டரம்மா என் தோளைத் தொட்டு. நான் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்குப் பை தெரியாது. பை தெரிந்த பிறகும் போய்ச் சொல்லவில்லையே, பத்து மாதம்... யாருக்காகச் சொல்ல வேண்டும், போனவர் போய்விட்டார், இருக்கிறது படம் ஒன்றுதான், அதையும் இறக்கவா?

நாற்காலி வரிசை ஆடியது. காக்கி உடுப்பில் ஒரு பெண் உட்கார்ந்தாள், நாற்பத்தைந்து இருக்கும், தோளில் டிக்கெட் பை, பஸ் கண்டக்டர், ஷிஃப்டுக்கு நடுவில் ஓடி வந்தவள் மாதிரி நெற்றியெல்லாம் வேர்வை, சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். நீங்க முன்வரிசை அண்ணிதானே? முறைக்கிற அண்ணி? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. டி.வி.யில பார்த்திருக்கேன், எங்க டிப்போவுக்கு அண்ணன் வந்திருந்தாரு, நீங்க அன்னிக்கு வரலை, என்று ஆரம்பித்தாள், நடுவில் இருமினாள், கையை அசைத்து ஒன்றுமில்லை என்று காட்டினாள், டிப்போ புகை அண்ணி, ஒரு மாசமா விட மாட்டேங்குது. பேசி முடிச்சு அண்ணன் கேன்டீன் பக்கம் போனாரா, நான் பின்னாடியே போய் நிறுத்திட்டேன், அண்ணே, மாத்திரை போட்டா தலை சுத்துது, வண்டியில நின்னு டிக்கெட் குடுக்க முடியலை, அன்னிக்கு ஒருத்தன் பிரேக் போட்டான், நான் போய் டிரைவர் மேலயே விழுந்தேன், அவன் அதுக்கு வேற அர்த்தம் பண்ணிக்கிட்டு மறுநாள் செண்டு அடிச்சிட்டு வர்றான்னேன், அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரித்தேன், அவர் சிரிப்பது காதில் கேட்டது, தலையைப் பின்னால் சாய்த்து... அப்புறம் அண்ணன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துட்டு மெதுவா சொன்னாரு, மூணு வாரம் ஓட்டம், ஒரு வாரம் ஓய்வு, உடம்புன்னா அதுக்கும் லீவு வேணும்மா, இது மேடையில சொல்ற விஷயம் இல்லை, உனக்குள்ள வெச்சுக்கோ, அப்படின்னாரு. சத்தியமா யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்ட சொல்லலாம், நீங்க அவரு வீடு. ஒன்றரை வருஷமா அப்படித்தான், அந்த ஒரு வாரம் உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும். எண்ணுவார்களே, என்று என் வாய் கேட்டது. என்ன அண்ணி நீங்க, பாலத்துக்கு முன்னாடி வளைவு வருதில்ல, எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்குவாங்க, எவனும் பார்க்க மாட்டான், ஏழையும் ஜன்னல் வழியா, என்று விரலால் சுண்டிக் காட்டினாள், கண்ணில் கெட்டிக்காரத்தனம், மறுபடி இருமினாள். மேடம், ரெடி, என்றார் அதிகாரி கதவருகிலிருந்து. போய் நல்லாப் பேசிட்டு வாங்க அண்ணி, என் டோக்கன் அறுபத்து மூணு, இப்பத்தான் நாப்பத்தொண்ணு ஓடுது, என்றாள். நான் எழுந்ததில் அவள் ஆடினாள். சொல்லியிருக்கலாம், அங்கேயே, அந்த நிமிஷமே, ஒரு வாக்கியம்தான்... கால் அதிகாரியின் பின்னால் போனது.

அது பஞ்சு மூட்டையும் பழைய ஃபைலும் அடுக்குகிற அறை, ஜன்னலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள், ஃபேனை நிறுத்திவிட்டார்கள், புழுக்கம்தான் ஜெயித்தது, ஒலிப்பதிவுக்காரர் காதில் ஹெட்ஃபோனோடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், படிங்கக்கா. வணக்கம், நான் இன்னாருடைய மனைவி, என்று முதல் வரி, அவரை நீங்கள் ஓடிப் பார்த்திருப்பீர்கள் என்று இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... நின்றுவிட்டேன். பரவாயில்லைக்கா, தண்ணி குடிங்க. இரண்டாவது தடவை படித்தேன். ஐந்தாவது வரியையும் படித்தேன். எட்டு வருடங்களில் ஒரு வேளை கூட, என்று என் குரல் போனது, தடுக்கவில்லை, தடுமாறவில்லை, தொண்டை கூட அதிகாரி கேட்ட இடத்தில் அடைத்தது, அந்தப் பாயிண்ட் ஒண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு சின்ன சந்தோஷம் கூட வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அருமை மேடம், என்றார் அதிகாரி, ஆனா வெளியே ஏதோ டிராலி சத்தம், இன்னொண்ணு எடுத்துடலாம். மூன்றாவது. ஒலிப்பதிவுக்காரர் விரலைத் தூக்கியபோது யோசித்தேன், இதைப் படித்துவிட்டு வெளியே போய் அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதாதா, படமும் இருக்கும், அவளும் பிழைப்பாள், யாருக்கு என்ன நஷ்டம், நல்ல வழி, ஏன் முதலிலேயே தோன்றவில்லை... ஆனால் எத்தனை கேன்டீன்? எத்தனை டிப்போ, எத்தனை மில் வாசல், எத்தனை தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியிருப்பார்? அவர் இரக்கக்காரர், ஒருத்தி தலை சுற்றுகிறது என்று எதிரே நின்றால் தாங்க மாட்டார், உனக்குள்ள வெச்சுக்கோ என்று அவர் சொல்லி அனுப்பியவர்கள் எல்லோரும் நாளைக்கு இந்த நீல நாற்காலிகளில் உட்கார்ந்து, மடியில் எண்ணிச் சரிசெய்த டப்பாவோடு, மேலே என் குரலைக் கேட்கப் போகிறார்கள், பார், ஊருக்குச் சொல்றது இது, நமக்குத்தான் அண்ணன் நிஜத்தைச் சொன்னாரு, என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்ளப் போகிறார்கள். நான்கு வரியைப் படித்தேன். பிறகு தாளைப் பார்க்காமல், அவர் நாலு வாரத்துக்கு ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினார், அதனால்தான் செத்தார், என்றேன்.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் இறக்கினார். அதிகாரி சிரித்தார், அது சிரிப்பில்லை, முகத்துக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. மேடம், இன்னைக்கு ஒரு வருஷம், உங்களுக்கு மனசு சரியில்லை, அதை அப்புறம் பேசிக்கலாம். அழிச்சிடுங்க, என்றேன், ரெண்டாவது தடவை படிச்சதை அழிச்சிடுங்க. அவர் இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். அது மேல கேக்கணும் மேடம், டிராலி சத்தம் ஒண்ணும் பெருசில்லை, சத்தத்தை மட்டும் எடுத்துடலாம் இல்லப்பா? எடுத்துடலாம் சார், என்றார் ஒலிப்பதிவுக்காரர், என்னைப் பார்க்காமல், நாலு வரிக்கு இதை வெச்சு, அஞ்சுக்கு அதை ஒட்டினாக்கூடத் தெரியாது. பையில் இருக்கிற இருபத்து மூன்று டப்பாவைக் கொண்டுவந்து டாக்டரம்மா மேஜையில் வைப்பேன், என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. வைங்க மேடம், தாராளமா வைங்க, என்றார் அதிகாரி அன்பாக, நிஜமான அன்புதான் அது, இவ்வளவு வருஷம் அவர் கட்டின கோட்டையை நீங்களே இடிக்கணுமா, யோசிங்க, உங்க வாயால வந்தா நாளைக்கு ஊரு என்ன பேசும்? என்ன பேசும் என்று எனக்குத் தெரியும், அன்றைக்குக் கையுறை போட்டவர்கள் எல்லோரும் பேசுவார்கள், அப்பவே நினைச்சோம் என்பார்கள், படத்தைப் பார்த்துத் தைரியம் வந்து உள்ளே வரவிருந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போவார், அந்தச் சாவு யார் கணக்கில்? என் குரல் அந்தச் சின்ன மெஷினுக்குள் இருந்தது, இரண்டுமே என் குரல்தான். வெளியே வந்தேன்.

ஜன்னலுக்கு மேலே சிவப்பில் அறுபத்து மூன்று. அவள் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள், மருந்தாளர் தட்டில் கொட்டிப் பட்டையால் தள்ளிக்கொண்டிருந்தார், இரண்டு, நாலு, ஆறு, கச்சிதம்மா, உன்னை மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்லை, என்றார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், டாக்டரம்மா அறைக்கு வெளியே இருக்கிற நாற்காலி வரைக்கும், உட்கார வைத்தேன், சொன்னேன், நீலம், டப்பாக்கள், ஈர மணல், இருமல், எல்லாவற்றையும் எந்த வரிசையில் சொன்னேனோ, அவள் முகத்தில் கெட்டிக்காரத்தனம் முதலில் போனது, பிறகு நிறம் போனது. அப்போ எதுக்கு என்கிட்ட சொன்னாரு? என்றாள். சொல்லுங்க அண்ணி, எதுக்கு சொன்னாரு? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு, என்னைப் பார்த்தா சோதனைக்கு விடற எலி மாதிரியா இருந்தது? இல்லைம்மா, அவர் நம்பினார், என்றேன், ஒண்ணும் ஆகாதுன்னு நிஜமாவே நம்பினார், நம்பித்தான் உனக்கும் சொன்னார், உனக்குக் கெடுதல் நினைப்பாரா? உள்ளே போய் எல்லாத்தையும் சொல்லு, இருமலையும் சொல்லு, ரத்தம் எடுக்கச் சொல்லு. என்னன்னு சொல்ல, பாலத்து வளைவுலன்னா? ஆமாம், அப்படியே சொல்லு. அவள் டோக்கனைச் சுருட்டிக்கொண்டே அழுதாள், சத்தமில்லாமல், உடுப்போடு அழுகிறவர்கள் அழுகிற மாதிரி, அடிக்கடி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு. நான் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், நம்பினார்மா, அவர் நம்பினார்...

நம்பினாரா? மெத்தை? நம்பினவர் எதற்கு மெத்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்? நீல வாரம் மட்டுமில்லை, அது முடிந்து சிவப்பு தொடங்கிய பிறகும் பத்து நாள், பதினைந்து நாள், இன்னும் தசை சரியாகவில்லை என்று அங்கேயே, மேடையில் சாட்சி என்று காட்டினாரே, அந்தச் சாட்சியைத் தொடாமல், கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு... மாத்திரையை விட்டால் கிருமி தலைதூக்கும் என்று தெரியாமலா அது? தெரிந்துதான் என்னிடமிருந்து தள்ளிப் படுத்தார் என்றால், தெரிந்தேதான் கேன்டீன் பக்கத்தில் இவளிடம் குரலைத் தாழ்த்தினாரா? இரண்டு கடிகாரம், கேன்டீன் ஒன்று, மெத்தை ஒன்று, இரண்டும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன, இரண்டுதான் மிஞ்சியது என்றால் எதை எழுத வேண்டும் என்று எனக்கு மனப்பாடம், பாதகமானதை எழுத வேண்டும், ஆனால் மூன்றாவது ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று, அவர் மெத்தையைச் சுருட்டுகிற சத்தத்தை நாலு வாரத்துக்கு ஒருமுறை படுக்கையில் கிடந்து கேட்டவள், நாலு வாரம் என்று எண்ணியும் வைத்திருந்தவள், தசைக்கு யாராவது இருபது நாள் தள்ளிப் படுப்பார்களா என்று ஒருநாள் தோன்றி, விளக்கு அணைந்ததும் அந்த எண்ணத்தையும் சேர்த்து அணைத்தவள்... புகையைப் பார்த்துவிட்டு, சத்தம் வரட்டும் என்று கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா? டாக்டரம்மா அறைக் கதவு திறந்தது, உள்ளே இருந்தவர் வெளியே வந்தார், அடுத்து யாரும்மா என்று குரல் கேட்டது. அவள் எழுந்தாள், நாற்காலி ஆடியது, ஓரடி போய்விட்டுத் திரும்பினாள், மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். கூடவேதானே இருந்தீங்க அண்ணி, அப்ப உங்களுக்குத் தெரியலையா? என்றாள், குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியாதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்து, ஐந்தாவது வரி நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றது, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.